குறைமாதக் குழந்தை தூக்கத்தில் நெளிந்து, விட்டுவிட்டுச் சிறுநீர் கழிப்பது இயல்பா?

கேள்வியில் உள்ளது 32 வாரத்தில் பிறந்த குழந்தை. தூங்கும்போது முகம் சுளிக்கிறது, காலை உதைக்கிறது, விட்டுவிட்டுச் சிறுநீர் போகிறது. பெரும்பாலும் இது கோளாறு இல்லை.

பச்சிளங்குழந்தைக்குச் சிறுநீர் தன்னை அறியாமல் கசிகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. சிறுநீர்ப்பை நிரம்பியதும் சேதி மூளைக்குப் போய், தூக்கம் லேசாகக் கலைகிறது. இமை துடிக்கும், மூச்சு சீர் குலையும், முகம் சிவக்கும், சில நேரம் ஒரு சின்ன முனகல். சிறுநீர் போனதும் உடம்பு தளர்ந்து மறுபடி தூங்கிவிடும். ஆழ்ந்த தூக்கத்தில் கழிப்பது அரிது.

விட்டுவிட்டுப் போவதற்குக் காரணம் வேறு. சிறுநீர்ப்பையின் தசை சுருங்கும்போதே, பையின் வாயை மூடும் தசையும் இறுகிவிடுகிறது. இரண்டும் இன்னும் ஒத்துப் பழகவில்லை. ஓட்டம் பாதியில் நிற்கும், கொஞ்சம் மிச்சம் தங்கும், சற்று நேரத்தில் மறுபடி போகும். வளர வளர இது குறையும். ஆனால் வயதை, பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், முதலில் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணுங்கள்.

எத்தனை முறை என்பதைவிட எவ்வளவு என்பதே முக்கியம். உலர்ந்த டயப்பர் 22 கிராம், 4 மணி நேரம் கழித்து 38 கிராம் என்றால், கூடிய 16 கிராம்தான் சிறுநீர், அதாவது 16 மில்லி. குழந்தை 2 கிலோ என்றால், கிலோவுக்கு மணிக்கு 2 மில்லி, நல்ல அளவு. முதல் நாளுக்குப் பிறகு இது கிலோவுக்கு மணிக்கு 1 மில்லிக்குக் கீழே போனால் குறைவு. கழற்றியதும் எடை போடுங்கள். குழந்தைக்குச் சூடு தரும் வார்மர் கருவியின் சூட்டில் கிடந்தால் ஈரம் ஆவியாகி, கணக்கு குறைத்துக் காட்டும். மலம் கலந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

டயப்பர் நனைந்த உடனே எழுப்பாதீர்கள். மூச்சு சீராக, அசைவின்றித் தூங்கினால் அப்படியே தூங்கவிட்டு, பால் கொடுக்கும் நேரத்தில் மாற்றலாம். மலம் போயிருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். இரண்டு காலையும் உயரத் தூக்காமல், பக்கவாட்டில் மெல்லத் திருப்பி மாற்றுங்கள். இடுப்புப் பட்டை இறுகினால் வயிறு அழுந்திப் பால் எதுக்களிக்கும்.

மூச்சு நிற்காமலிருக்கக் கொடுக்கும் காஃபீன் மருந்து சிறுநீரைக் கூட்டும், தூக்கத்தையும் லேசாக்கும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மருந்து நேர்மாறு, சிறுநீரைத் தேக்கிவிடும்.

ஆண் குழந்தைக்கு ஒருமுறைகூடத் தாரையாகப் போகாமல் எப்போதும் சொட்டுவது, அடிவயிறு உருண்டு கெட்டியாக இருப்பது, 6 முதல் 8 மணி நேரம் டயப்பர் நனையாதது, 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், அல்லது போர்த்தியும் உடம்பு சில்லென்றே இருப்பது: இதில் எது இருந்தாலும் விடியும்வரை பொறுக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.