பாங்காக்கில் நான்கு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு பாங்காக் போகிறோம். நான், கணவர், 68 வயது மாமியார், 12 வயது மகள், 7 வயது மகன். வியாழன் காலை இறங்குகிறோம், ஞாயிறு நள்ளிரவு திரும்புகிறோம். எல்லோருக்கும் இதுதான் முதல் வெளிநாடு. யூடியூப் பார்த்துப் பார்த்து 27 இடங்கள் எழுதி வைத்திருக்கிறேன். அவர் சஃபாரி வேர்ல்ட் மிருகப் பூங்காவையும் பட்டாயா கடற்கரையையும் விடவே கூடாது என்கிறார். அத்தைக்கு முழங்கால் வலி, ஆனால் கேட்டால் "நான் எங்க வேணா வருவேன், எனக்காகப் பாக்காதீங்க" என்கிறார். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? தினமும் ராத்திரி வீட்டில் இதே சண்டை. — ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அவருக்கு என்ன வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், அத்தை என்ன சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மகளுக்கு என்ன ஆசை என்று ஒரு வரி இல்லை. உங்களுக்கு என்ன ஆசை என்று அரை வரிகூட இல்லை. அந்த 27 இடங்களும் யாரோ வீடியோ எடுத்தவர்கள் போன இடங்கள். அதனால்தான் எதை அடிப்பது என்று தெரியாமல் நிற்கிறீர்கள், அதில் எதுவுமே உங்கள் வீட்டு ஆள் ஒருவருடையது இல்லையே.

முதலில் ஒன்று செய்யுங்கள். பட்டியலை மூடி வைத்துவிட்டு, இன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் உங்களையும் சேர்த்து ஐந்து பேரிடமும் தனித்தனியாக, மற்றவர் காதில் விழாமல், "நீ இதுக்காகத்தான் அங்கே வர்றேன்னா அது என்ன?" என்று கேளுங்கள். ஆளுக்கு ஒன்றுதான். பெரிய மீன் பார்க்கணும் என்று பையன் சொல்வான், கடை பார்க்கணும் என்று மகள் சொல்வாள், அத்தை வழக்கம்போல "எனக்கென்னம்மா" என்பார், விடாமல் கேட்டால் கோயில் என்பார். ஐந்து பேருக்கு ஐந்து ஆசை வரும், பாங்காக்கில் நான்கு நாளுக்கு அது போதும். மிச்சம் நேரம் இருந்தால் பட்டியலிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். நான் மூன்று தடவை போயிருக்கிறேன். அந்த ஊரில் ஒரு நாளைக்கு இரண்டு இடம்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும். வெயிலும் அப்படி, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ரோட்டில் வண்டிகள் நிற்கிற நிலையும் அப்படி.

அத்தையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அவர் கால்தான் உங்கள் வேகத்தைத் தீர்மானிக்கப் போகிறது, இதை ஒளிக்க வேண்டியதில்லை. என் அம்மாவை அழைத்துக்கொண்டு போனபோது அவருக்கு 70 தாண்டியிருந்தது. இதே முழங்கால், இதே "நான் வருவேன்". முதல் நாளே அரண்மனை, வாட் போ, வாட் அருண் (வாட் என்றால் கோயில்) மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று கிளம்பினேன். மதியம் இரண்டு மணிக்கு வாட் அருணின் செங்குத்தான படிக்கட்டுக்குக் கீழே அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், செருப்பைக் கழற்றியிருந்தார், பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. மேலே போய்ப் பார்த்துட்டு வாடி என்றார். போனேன், அங்கிருந்து என்ன பார்த்தேன் என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை. அடுத்த ஒன்றரை நாள் ஓட்டல் அறையில்தான் கழிந்தது. உங்களுக்கு அது நடக்கக் கூடாது.

ஆனால் அதே நாள் காலையில் அரண்மனைக்குள் நடந்ததைச் சொன்னால்தான் நான் எதை விடக்கூடாது என்கிறேன் என்று புரியும். அரண்மனை வளாகத்துக்குள் வாட் பிரா கேவ் என்ற மரகத புத்தர் கோயில் இருக்கிறது. 1782இல் முதலாம் ராமா பாங்காக்கைத் தலைநகராக்கியபோது கட்ட ஆரம்பித்தது. எல்லோரும் நேராக சன்னிதிக்கு ஓடுவார்கள். பச்சைக் கல்லில் செய்த சிலை, 66 சென்டிமீட்டர்தான் உயரம், வெயில், மழை, குளிர் என்று வருஷத்தில் மூன்று தடவை மன்னரே அதற்கு உடை மாற்றுகிறார். பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதைச் சுற்றியிருக்கிற நீண்ட திருச்சுற்று மண்டபத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. அங்கே சுவர் முழுக்க ராமகியன், அதாவது தாய்லாந்து ராமாயணம், 178 பகுதிகளாக ஓவியமாக இருக்கிறது. மேலே கூரை, நல்ல நிழல். அம்மா ஓரிடத்தில் நின்றுவிட்டார். மலை மாதிரி ஒரு வெள்ளை அனுமன், அவர் வாய்க்குள் ஒரு மண்டபம், மண்டபத்துக்குள் ராமர். "இது மயில்ராவணன் கதைடி!" என்றார். எனக்கு நம்பிக்கையில்லை. விசாரித்தால் அதேதான், அங்கே அவன் பெயர் மையராப். மயில்ராவணன் தூக்கிப்போய்விடக் கூடாதென்று நம் கதையில் அனுமன் வாலைச் சுற்றிக் கோட்டை கட்டுவார், அங்கே வாய்க்குள்ளேயே வைத்துப் பூட்டிக்கொள்கிறார். அம்மா அந்தச் சுவரோடு முக்கால் மணி நேரம் மெதுவாக நடந்தார். தங்கம் மினுமினுக்க வரைந்திருக்கிற தலைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இவன் இந்திரஜித், இவன் கும்பகர்ணன் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். வாசல்களில் நிற்கிற பெரிய பெரிய அரக்கர் சிலைகளும் அதே கதையில் வருகிறவர்கள்தான், பச்சை நிறத்தில் இருக்கிறவன் ராவணன், தசகண்டன் என்பதைத்தான் தோட்சகன் என்கிறார்கள்.

அதனால் உங்கள் வீட்டில் அத்தையைக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று நினைக்காதீர்கள், அந்த ஒரு காலைப்பொழுது அவர்தான் உங்களுக்குக் கைடு. கிளம்புவதற்கு முன்னாலேயே பிள்ளைகளுக்கு மயில்ராவணன் கதையை அவர் வாயால் சொல்லிவைக்கச் சொல்லுங்கள். பையன் அந்த வாயைத் தானே தேடிக் கண்டுபிடிப்பான்.

அரண்மனை வெள்ளிக்கிழமை காலை. எட்டரைக்குத் திறக்கிறார்கள், திறக்கும்போதே வாசலில் இருங்கள், பத்து மணிக்கு மேல் குழுக்குழுவாக வந்து இறங்கிவிடுவார்கள். நான் கடைசியாகப் போனபோது ஆளுக்கு 500 பாட், அதுதான் அந்த ஊர்ப் பணம். புடவை, சுடிதார் பிரச்சினையில்லை, ஆனால் உங்கள் கணவர் அரைக்கால் சட்டையில் வந்தால் உள்ளே விட மாட்டார்கள், மகளுக்கும் கையில்லாத சட்டை வேண்டாம். அப்புறம் முக்கியமான ஒன்று. அரண்மனைச் சுவருக்கு வெளியே நல்லா உடுத்திய ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து, இன்றைக்கு ஏதோ பூஜை, அரண்மனை மதியம்தான் திறக்கும், அதுவரைக்கும் வேறு கோயில் காட்டுகிறேன், துக்துக் ஆட்டோவுக்கு 20 பாட் போதும் என்பார். நம்பாதீர்கள். முதல் தடவை நான் ஏறிவிட்டேன், இரண்டு கோயிலைக் காட்டிவிட்டு ஒரு நகைக்கல் கடையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள், வாங்காமல் வெளியே வர ஒரு மணி நேரமாயிற்று, அரண்மனை அன்றைக்கு முழுக்கத் திறந்துதான் இருந்தது. யார் என்ன சொன்னாலும் டிக்கெட் கவுன்டர் வரைக்கும் உங்கள் காலால் நடந்து போய்ப் பாருங்கள்.

பதினொன்றரைக்கு வெளியே வந்ததும் ஓட்டலுக்குத் திரும்பிவிடுங்கள். சாப்பாடு, தூக்கம். மூன்றரை மணி வாக்கில் வாட் போ. சயன புத்தர், 46 மீட்டர் நீளம். நம்ம ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பள்ளிகொண்டவரைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு அந்தப் பிரம்மாண்டம் வேறு மாதிரி தோன்றும். பாதத்தை மறக்காமல் நின்று பாருங்கள், கிளிஞ்சல் பதித்து 108 மங்கலச் சின்னங்கள் செய்திருக்கிறார்கள். சிலைக்குப் பின்னால் சுவரோரம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள், சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே போக வேண்டும். பையனுக்கு இதைவிட வேறெதுவும் வேண்டாம், ணிங் ணிங் என்று அந்த மண்டபம் முழுக்க அந்தச் சத்தம்தான். தாய்லாந்து மசாஜுக்கு வாட் போதான் தாய்வீடு, வளாகத்திலேயே செய்கிறார்கள். அத்தைக்குப் பாதம் மட்டும் செய்யச் சொல்லுங்கள், முழங்காலில் அழுத்த வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாட் அருணை ஆற்றுக்கு இந்தப் பக்கம் தா தியென் துறையிலிருந்து சாயங்காலம் பார்த்தால் போதும். சீனப் பீங்கான் துண்டுகள் ஒட்டிய அந்தக் கோபுரத்தில் விளக்கு போடுகிற நேரம் அதுதான். படகில் அக்கரைக்குப் போய்வர ஐந்து நிமிஷம்தான், ஆசைப்படுகிறவர்கள் போய்வரட்டும்.

வியாழன் எதுவும் வேண்டாம். விமானத்தில் தூங்காத குழந்தைகளோடு என்ன பார்ப்பீர்கள்? சாயங்காலம் சதோன் துறையில் ஆரஞ்சுக் கொடி கட்டிய சாவ் பிரயா ஆற்றுப் படகில் ஏறி, நான் போனபோது 16 பாட்தான் டிக்கெட், காற்று வாங்கிக்கொண்டு போய்த் திரும்புங்கள். அதே ஆற்றில் விருந்தோடு கூடிய பெரிய கப்பலுக்கு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள், அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

சரி, உங்கள் கணவர் விஷயம். பட்டாயா 150 கிலோமீட்டர், போக வரவே ஐந்து மணி நேரம் வண்டியில். அதை இந்தத் தடவை விட்டுவிடச் சொல்லுங்கள், கடல் வேண்டுமென்றால் இன்னொரு தடவை தனியாகப் போகலாம். சஃபாரி வேர்ல்டை நான் தடுக்க மாட்டேன், ஏழு வயதுப் பையன் இருக்கிறான், ஒட்டகச்சிவிங்கி அவன் கையிலிருந்து தின்னும். ஆனால் அது நகரத்தின் வடகிழக்கு ஓரம், ஒரு முழு நாள் வேலை. சனிக்கிழமை அவரும் பிள்ளைகளும் போகட்டும், நீங்களும் அத்தையும் போகாதீர்கள். குடும்பமாகப் போனால் நாலு நாளும் ஐந்து பேரும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்று யார் சொன்னது? ஒரு நாள் பிரிந்து போய்விட்டு ராத்திரி சாப்பிடும்போது ஒருவருக்கொருவர் கதை சொல்லுங்கள். மகள் வர மாட்டேன் என்றால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், அந்த வயதில் சஃபாரி சலிப்பாக இருக்கலாம்.

அன்றைக்கு நீங்கள் மூவரும் வாட் திரைமித் போங்கள், மெட்ரோவில் ஹுவா லம்போங் நிலையத்துக்குப் பக்கம். 5.5 டன் தங்க புத்தர். ரொம்ப காலம் சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்திருந்தது, சாதாரணச் சிலை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1955இல் இடம் மாற்றும்போது பூச்சு உடைந்து உள்ளே தங்கம் தெரிந்தது. 12 வயதுப் பெண்ணுக்கு இந்தக் கதை பிடிக்கும். உங்களுக்குப் பட்டு, பழைய வீடு இதிலெல்லாம் ஆசை இருந்தால் ஜிம் தாம்சன் வீடு. அமெரிக்கர், தாய்லாந்துப் பட்டுத்துணியை உலகத்துக்குக் கொண்டுபோனவர், 1967இல் மலேசியாவில் கேமரன் மலையில் நடக்கப் போனவர் திரும்பவே இல்லை. வாய்க்கால் ஓரத்தில் அவர் சேர்த்துவைத்த தேக்கு வீடுகள், தோட்டம், அமைதி. வீட்டுக்குள் படி ஏற வேண்டும், அத்தை தோட்டத்தில் உட்காரலாம். இதில் ஆசை இல்லையென்றால் போகவே போகாதீர்கள், எல்லோரும் போகிறார்கள் என்பதற்காக வேண்டாம்.

மிதக்கும் சந்தை, ரயில் வரும்போது கடையை மடக்குகிற சந்தை இரண்டும் நிச்சயம் உங்கள் பட்டியலில் இருக்கும். தம்னொன் சதுவாக் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர், விடியுமுன் எழுந்து ஓட வேண்டும். விட்டுவிடுங்கள். படகுச் சந்தை பார்த்தே ஆக வேண்டுமென்றால் நகரத்துக்குள்ளேயே தலிங் சான் இருக்கிறது, சனி ஞாயிறு மட்டும். அயுத்தயாவை விடச் சொல்ல எனக்கு மனசே வரவில்லை, 1351இலிருந்து 1767 வரைக்கும் தலைநகராக இருந்த ஊர், ஆனால் இடிந்த செங்கல் கோயில்களுக்கு நடுவே நிழலில்லாமல் நடக்க வேண்டும், இந்தக் கூட்டணிக்கு ஒத்துவராது. உயரத்திலிருந்து ஊரைப் பார்க்கிற இடம் எத்தனை எழுதி வைத்திருந்தாலும் ஒன்றே போதும். வாட் சகேத் தங்கமலை அழகு, ஆனால் 344 படி. மகாநகோன் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது.

ஞாயிறு காலை மகளுக்காக சடுசாக் சந்தை. சனி, ஞாயிறுதான் முழுச் சந்தையும் நடக்கும், நிறையப் பேர் செவ்வாய்க்கிழமை போய்விட்டுப் பூட்டிய ஷட்டரைப் பார்த்துத் திரும்புகிறார்கள். பத்து மணிக்குள் உள்ளே போங்கள், பன்னிரண்டுக்கு வெளியே வாருங்கள், பிள்ளைகள் தொலைந்தால் சந்திக்க நடுவில் இருக்கிற மணிக்கூண்டைச் சொல்லி வையுங்கள். பையன் மீன் கேட்டிருந்தால் மதியம் சியாம் பாரகன் மாலுக்கு அடியில் மீன் காட்சியகம், ஏசி, அத்தைக்கும் உட்கார இடம் உண்டு.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அத்தை சைவம் என்றால் இது தெரிய வேண்டும். காய்கறிச் சோறு என்று கேட்டு வாங்கினாலும் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள். "ஜே" என்று சொல்லுங்கள், மஞ்சள் கொடியில் சிவப்பாக அந்த எழுத்து போட்ட கடைகள் இருக்கும், அங்கே மீன் சாறும் கிடையாது, முட்டையும் கிடையாது, பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது.

ஞாயிறு சாயங்காலம் கடைசியாக சீலோம் சாலையில் இருக்கிற மகா மாரியம்மன் கோயில். 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது, ஊர்க்காரர்கள் வாட் கேக் என்பார்கள், டாக்ஸியில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் புரியும். நம் கோபுரம், நம் அம்மன், ஆனால் கும்பிடுகிறவர்களில் பாதிக்கு மேல் தாய்லாந்துக்காரர்கள், மண்டியிட்டு, மாலையைத் தட்டில் வைத்துத் தலைக்கு மேல் உயர்த்தி அத்தனை பயபக்தியோடு கும்பிடுவார்கள். என் அம்மா அங்கே ஒரு தாய்லாந்துப் பெண்ணுக்கு விபூதி எப்படிப் பூசுவதென்று கையைப் பிடித்துக் காட்டினார். அத்தைக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் கொடுங்கள். பெட்டிகளை ஓட்டலிலேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டு வந்தால், தரிசனம் முடித்து எடுத்துக்கொண்டு விமான நிலையம் கிளம்பலாம். நள்ளிரவு விமானம் என்றாலும் ஏழரைக்கே வண்டி ஏறிவிடுங்கள், விடுமுறைக் கூட்டத்தில் அங்கே வரிசை ரொம்ப நீளம்.