வகுப்பில் இரண்டு மொழி, வீட்டில் எந்த மொழி?

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கும் பள்ளியில் பாதி நேரம் தமிழிலும் பாதி நேரம் ஆங்கிலத்திலும் பாடம் நடக்கிறது. குழந்தையின் முழுமையான வளர்ச்சிதான் நோக்கம் என்கிறார்கள். பாட்டு, நாடகம், கைவேலை, தோட்டம் என்று நிறைய நேரம் போகிறது. நோட்டில் எழுதுவது குறைவு. மூன்று மாதம் ஆகியும் அவள் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம்கூடப் பேசவில்லை. தமிழிலும் எழுத்துப்பிழை வருகிறது. இரண்டு மொழியிலும் அரைகுறையாக நின்றுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறிவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைத்தான் நீங்கள் அவசரப்பட்டுச் செய்துவிட வாய்ப்பு இருக்கிறது. வீட்டில் ஆங்கிலத்துக்கு மாற வேண்டாம். தமிழிலேயே பேசுங்கள். இப்போது பேசுவதைவிட இன்னும் நிறையப் பேசுங்கள்.

இதைச் சொல்லும்போது என்னிடம் இரண்டாம் வகுப்பு படித்த ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். பள்ளிக்கு உதவியாக இருக்கட்டும் என்று அவன் பெற்றோர் வீட்டுப் பேச்சை ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். இருவருக்குமே அலுவலக ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆனால் குழந்தையைச் சமாதானப்படுத்த, கதை கட்ட, செல்லம் கொஞ்ச அந்த ஆங்கிலம் கைகொடுக்கவில்லை. சில மாதங்களில் வீட்டுப் பேச்சு 'கம்', 'சிட்', 'பினிஷ் இட்' என்று கட்டளைகளாகச் சுருங்கிவிட்டது. ஒருநாள் அவன் வகுப்பில் அழுதுகொண்டிருந்தான். ஏன் என்று கேட்டால், சொல்ல அவனுக்கு எந்த மொழியிலும் வாக்கியம் வரவில்லை. பெற்றோர் மறுபடி தமிழுக்குத் திரும்பினார்கள். முதலில் அவன் பேச்சு திரும்பியது, அதன் பின்னாலேயே ஆங்கிலமும் வந்தது.

ஏன் இப்படி என்பதற்கு நல்ல விளக்கம் இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் இதைப் பற்றி எழுதினார். ஒரு குழந்தையின் இரண்டு மொழிகளும் மேலே பார்க்கத் தனித்தனியாகத் தெரியும். அடியில் இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றுதான். நீருக்கு மேலே இரண்டு முனைகள் தெரியும் ஒரே பனிப்பாறை என்று இதைப் படம் போட்டுக் காட்டுவார்கள். எழுத்து என்பது ஒலியைக் குறிக்கிறது, கதைக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, கனமாக இருப்பதாலேயே ஒரு பொருள் மூழ்கிவிடாது என்பதையெல்லாம் உங்கள் மகள் ஒருமுறை தமிழில் புரிந்துகொண்டால் போதும். ஆங்கிலத்தில் அவற்றுக்கான சொற்களை மட்டும்தான் கற்க வேண்டியிருக்கும். தமிழில் யோசித்துப் பழகாத குழந்தை, சொல்லையும் கருத்தையும் ஒரே நேரத்தில் அறிமுகமில்லாத மொழியில் பிடிக்கப் போராட வேண்டும்.

சரி, மூன்று மாத மௌனத்துக்கு வருவோம். அது கவலைப்பட வேண்டிய விஷயமே இல்லை. புது மொழிக்குள் வரும் பல குழந்தைகள் முதலில் கேட்பார்கள், பேச மாட்டார்கள். சிலருக்கு இது சில வாரம், சிலருக்குப் பல மாதம். அந்த நேரத்தில் காது சும்மா இருப்பதில்லை. ஆசிரியர் ஆங்கிலத்தில் 'வரிசையில் நில்லுங்கள்' என்றால் எழுந்து போகிறாளா, கதையில் சரியான இடத்தில் சிரிக்கிறாளா, வீட்டில் தனியாக விளையாடும்போது ஆங்கிலப் பாட்டு ஒன்றை முணுமுணுக்கிறாளா என்று பாருங்கள். இவற்றில் ஒன்றிரண்டு நடந்தாலே மொழி உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விருந்தினர் முன்னால் 'ஆங்கிலத்தில் ஏதாவது பேசிக் காட்டு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மௌனத்தை நீட்டிக்க அதைவிட நல்ல வழி கிடையாது.

உண்மையில் நான் பயப்படுவது வேறொரு இடத்தில். விளையாட்டு இடத்தில் பேசும் மொழி வேறு, பாடப் புத்தகத்து மொழி வேறு. முதலாவது ஏறக்குறைய இரண்டு ஆண்டில் கைவந்துவிடும் என்றும், இரண்டாவதில் சக மாணவர்களுக்கு ஈடாக வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்றும் கம்மின்ஸ் சொன்னார். மூன்றாம் வகுப்பில் உங்கள் மகள் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுவாள். எல்லாருக்கும் நிம்மதியாக இருக்கும். நான்காம் வகுப்பில் 'ஒப்பிடுக', 'ஆகவே', 'விகிதம்' போன்ற சொற்கள் ஆங்கிலத்தில் வரும்போது திடீரென்று தடுமாறுவாள். அப்போது 'இவ்வளவு நன்றாகப் பேசுகிறாளே, கவனக்குறைவுதான்' என்று திட்டு விழும். அது கவனக்குறைவு இல்லை. அந்த மொழிக்குத் தேவையான காலம் இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான். பள்ளியும் ஐந்தாம் வகுப்புவரையாவது இரண்டு மொழியையும் கைவிடாமல் நடத்தினால்தான் இந்த இடத்தைத் தாண்ட முடியும். இரண்டாம் வகுப்போடு தமிழ்ப் பாதியை எடுத்துவிடும் திட்டம் என்றால் அதை நான் இருமொழிக் கல்வி என்று சொல்ல மாட்டேன்.

தமிழிலும் இதே இடைவெளி இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 'வந்துட்டாங்க' என்று பேசிய குழந்தை 'வந்துவிட்டார்கள்' என்று படிக்க வேண்டும். அது அவளுக்குப் பாதி புது மொழி. எழுத்து 247 என்று கேட்டு மலைக்க வேண்டாம். 12 உயிரும் 18 மெய்யும் ஓர் ஆய்தமும் உயிர்க்குறிகளும் பிடிபட்டால் 216 உயிர்மெய்யும் கூடவே வந்துவிடும். ஆனால் குறிகளில் சூட்சுமம் உண்டு. 'கெ' என்று எழுதும்போது முதலில் எழுதும் கொம்பு, ஒலியில் கடைசியாக வருகிறது. 'கொ'வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. ல, ள, ழ வேறுபாட்டைப் பேச்சில் கேட்காத குழந்தை எழுத்தில் தவறு செய்யத்தான் செய்யும். ஆறு வயதில் இந்தப் பிழைகள் இயல்பானவை. சிவப்பு மையால் திருத்துவதைவிடத் தினமும் பதினைந்து நிமிடம் நீங்கள் சத்தமாகப் புத்தகம் வாசித்துக் காட்டுவது அதிகம் உதவும். எழுத்துத் தமிழின் ஓசை காதில் ஏறியிருந்தால்தான் கண்ணும் கையும் அதைத் தேடும்.

ஆங்கிலத்தின் சிக்கல் வேறு வகை. 26 எழுத்துகளைக் கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளை எழுத வேண்டும். ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்ப மாறும், அதற்கு எப்போதும் விதியும் இருக்காது. தமிழிலும் 'கடல்', 'தங்கம்', 'அகம்' மூன்றிலும் ககரம் மூன்று விதமாகத்தான் ஒலிக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஆகவே ஒரு வரிவடிவம் ஓரளவு காலூன்றிய பிறகு அடுத்ததை எழுதத் தொடங்குவது நல்லது என்பது என் அனுபவம். இடையில் சில மாத இடைவெளி போதும். அதுவரை இரண்டாவது மொழி காது வழியாகவும் வாய் வழியாகவும் வரட்டும். உங்கள் மகளின் ஆங்கில நோட்டு காலியாக இருப்பதற்கு ஒருவேளை இதுவே காரணமாக இருக்கலாம். ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், தோட்டத்தில் நேரம் வீணாகிறதே என்ற உங்கள் வருத்தம். இரண்டு மொழியில் நடக்கும் பள்ளிக்குத் தோட்டமும் நாடகமும் கைவேலையும்தான் உயிர். ஒரு செடியின் உயரத்தைக் கயிற்றால் அளந்து, நேற்றைய கயிற்றோடு ஒப்பிட்டு, இரண்டு விரல்கடை வளர்ந்திருக்கிறது என்று ஒரு குழந்தை கண்டுபிடிக்கிறாள் என்று வையுங்கள். அதைத் தமிழில் பேசித் தீர்க்கிறாள், படம் வரைகிறாள். மறுநாள் அதே செடியைப் பற்றி ஆங்கில ஆசிரியர் பேசும்போது 'டால்' (உயரம்), 'டாலர்' (அதைவிட உயரம்) என்ற சொற்கள் அவள் கையில் இருந்த கயிற்றில் போய் ஒட்டிக்கொள்கின்றன. அளவு, எண், ஒப்பீடு, கூட்டாக வேலை செய்வது, தன் முறைக்குக் காத்திருப்பது எல்லாம் அந்த ஒரு வேலைக்குள் இருக்கிறது. மேசையில் உட்கார்ந்து பத்து முறை எழுதினால் அந்தச் சொல் நோட்டில் இருக்கும், நாக்கில் இருக்காது.

இதில் ஒரு நுணுக்கம். ஆசிரியர் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் சொல்லி உடனே தமிழில் மொழிபெயர்த்தால், குழந்தை ஆங்கிலப் பகுதிக்குக் காதை மூடிக்கொண்டு தமிழுக்காகக் காத்திருக்கப் பழகிவிடும். ஒரு வேலையை ஒரு மொழியில் முழுமையாகச் செய்துவிட்டு, அடுத்த வேலையை மற்ற மொழியில் செய்வதே பலன் தரும். வேல்ஸ் நாட்டுப் பள்ளிகளில் ஒரு மொழியில் வாசித்து மறு மொழியில் எழுதச் சொல்லும் முறை ஒன்று இருந்தது. 1990களில் கல்வியாளர் கென் வில்லியம்ஸ் அதற்கு வெல்ஷ் மொழியில் பெயர் சூட்டினார். இன்று உலகெங்கும் இருமொழி வகுப்பறைகளில் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். வாசித்தது உண்மையிலேயே புரிந்தால்தான் வேறு மொழியில் எழுத முடியும் என்பதே அதன் பலம்.

கணக்குக்குத் தமிழ் செய்யும் உதவியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'பதினொன்று' என்ற சொல்லிலேயே பத்தும் ஒன்றும் இருக்கிறது. ஆங்கிலத்தின் 'எலெவன்' அதைக் காட்டுவதில்லை. 'தர்ட்டீன்', 'தர்ட்டி' குழப்பம் தமிழில் பதிமூன்று, முப்பது என்று வரும்போது கிடையாது. பதிலுக்குத் 'தொண்ணூறு' என்ற சொல் நம் குழந்தைகளைக் குழப்பும், அங்கே ஆங்கிலத்தின் 'நைன்ட்டி' உதவும். இரட்டைப்படை, முக்கோணம், ஒளிச்சேர்க்கை போன்ற சொற்கள் தங்கள் பொருளைத் தாங்களே சொல்லிவிடுகின்றன. ஒளியால் நடப்பது என்று தெரிந்த குழந்தைக்கு 'போட்டோசிந்தஸிஸ்' வெறும் பெயராகத்தான் மிஞ்சும், புதிராக இருக்காது.

'இரண்டு மொழி மூளையைக் குழப்பும்' என்று யாராவது சொல்லியிருக்கலாம். அது பழைய நம்பிக்கை. 1962இல் மொன்றியலில் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் இருவரும் பத்து வயதுக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். குடும்பப் பின்னணியை ஒத்துப்பார்த்து ஒப்பிட்டபோது இருமொழிக் குழந்தைகள் பின்தங்கவில்லை, முன்னால் இருந்தார்கள். அதற்காக இரண்டு மொழி படித்தால் அறிவு தானாகக் கூடும் என்ற விளம்பரங்களையும் நம்பாதீர்கள். அதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

கனடாவின் செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில் 1965இல் ஆங்கிலக் குழந்தைகளை முழுக்கப் பிரெஞ்சில் படிக்கவைத்தார்கள். தொடக்க வகுப்புகளில் ஆங்கில வாசிப்பு கொஞ்சம் பின்தங்கியது, பிறகு சரியாகிவிட்டது. இந்த வெற்றியைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அந்தக் குழந்தைகளின் வீட்டு மொழி ஆங்கிலம். வெளியே எங்கு பார்த்தாலும் அதற்கு மதிப்பு இருந்தது, அது அழியும் என்ற அச்சமே இல்லை. தமிழுக்கு அந்த வசதி தானாகக் கிடைக்காது. யாராவது ஊட்டி வளர்த்தால்தான் பாதிக்குப் பாதி என்பது கடைசிவரை பாதிக்குப் பாதியாக இருக்கும்.

அதனால் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: அறிவியலும் கணக்கும் தமிழில் நடக்கிறதா, அல்லது தமிழ் வெறும் ஒரு பாடமாகவும் 'சத்தம் போடாதே' என்று அதட்டும் மொழியாகவும் மட்டும் இருக்கிறதா? பாராட்ட எந்த மொழி, அதட்ட எந்த மொழி என்பதை வைத்துத்தான் குழந்தைகள் ஒரு மொழியின் மதிப்பை எடைபோடுகிறார்கள். சுவரில் குழந்தைகளே எழுதியவை இரண்டு மொழியிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நூலகத் தட்டில் தமிழ்க் கதைப் புத்தகங்கள் கசங்கியிருந்தால் மகிழ்ச்சியடையுங்கள். இரண்டு மொழி ஆசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்து வாரத் திட்டம் போடுகிறார்களா என்பதும் முக்கியம். தோட்டத்தையும் பாட்டையும் பற்றிப் பெருமையாகப் பேசிவிட்டு, அதில் இந்த வாரம் குழந்தை எதைக் கற்றாள் என்று கேட்டால் பதில் இல்லையென்றால், உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது.

வீட்டில் அவள் 'அம்மா, தண்ணி ஸ்பில் ஆயிடுச்சு' என்று கலந்து பேசினால் திருத்த வேண்டாம். 'ஆமாம், தண்ணீர் சிந்திவிட்டதா, துடைத்துவிடலாமா?' என்று நீங்கள் முழுசாகச் சொன்னால் போதும். கலந்து பேசுவது குழப்பத்தின் அடையாளம் இல்லை, கையில் இருக்கும் சொல்லை எடுத்துக்கொள்கிறாள். பள்ளியில் நடந்ததைத் தமிழில் கதையாகச் சொல்லவைத்து, 'அப்புறம்?', 'ஏன் அப்படி?' என்று கேட்டுக்கொண்டே இருங்கள். அவள் ஆங்கிலப் பாடத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவியும் அதுதான்.

எப்போது கவலைப்பட வேண்டும்? உண்மையான கற்றல் சிரமம் இருந்தால் அது இரண்டு மொழியிலும் தெரியும். ஆங்கிலத்தில் மட்டும் தடுமாற்றம் என்றால் பெரும்பாலும் காலம் போதவில்லை என்று பொருள். நேற்று நடந்ததைத் தமிழிலேயே கோர்வையாகச் சொல்ல முடியவில்லை, 'பல்', 'கல்' இரண்டும் ஒன்றுபோல முடிவதைக் காது பிடிக்கவில்லை, கூப்பிட்டால் அடிக்கடி திரும்புவதில்லை என்றால் தாமதிக்காதீர்கள். முதலில் காதைப் பரிசோதியுங்கள். பிறகு பேச்சு மொழி வல்லுநரிடம் போகும்போது இரண்டு மொழியிலும் சோதிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டுக் குறை இருக்கிறது என்று முடிவு செய்வது நியாயமாகாது. ஒருவேளை 'ஒரு மொழியை நிறுத்திவிடுங்கள்' என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். பேச்சில் தாமதம் உள்ள குழந்தையும் இரண்டு மொழி கற்க முடியும், வீட்டு மொழியைப் பறிப்பதால் தாமதம் குணமாவதில்லை.

உங்கள் மகள் எழுதிய தாள் ஒன்றையும் அவள் கதை சொல்லும் குரல் பதிவையும் இன்றே தேதி போட்டு எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொன்று எடுத்து, பக்கத்து வீட்டுக் குழந்தையின் தாளோடு ஒப்பிடாமல், இன்றைய தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு வகுப்பு ஆசிரியரிடம் உட்காருங்கள்.