மேய்ச்சல் புறம்போக்கில் எந்தப் பகுதியை முதலில் சீரமைப்பது?

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊருக்கு ஏறத்தாழ 40 ஏக்கர் மேய்ச்சல் தரைப் புறம்போக்கு உண்டு. பாதிக்கு மேல் சீமைக் கருவேலம் அடைத்துவிட்டது. மேட்டுப்பகுதி வெறும் தரையாகக் கிடக்கிறது. கண்மாயை ஒட்டி மட்டும் கொஞ்சம் புல் தெரிகிறது. ஊராட்சியிடம் உள்ள சிறு தொகையைக் கொண்டு முதலில் கருவேலத்தை அழிக்கலாமா?

பதில்: கருவேலப் புதரில் தொடங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கண்ணுக்கு மோசமாகத் தெரியும் இடத்தில்தான் பணத்தைப் போடத் தோன்றும். ஆனால் அடர்ந்த புதரை அழித்த நிலத்தில் புல் வேர் இருக்காது என்பதால், அடுத்த மழைக்கு அங்கே மறுபடியும் கருவேலக் கன்றுகளே முளைக்கும், உங்கள் தொகையும் தீர்ந்திருக்கும்.

கண்மாய்க்கரைப் பகுதியை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே குனிந்து பார்த்தால், ஆடுகள் தரையோடு கடித்த கொழுக்கட்டைப் புல்லின் தூர் விரல்நுனி உயரத்தில் காய்ந்து நிற்கும். அதை இழுத்துப் பாருங்கள். கையோடு வராமல் பிடித்து நின்றால் வேர் உயிரோடு இருக்கிறது. நடக்கும்போது நாலைந்து எட்டுக்கு ஒரு தூராவது அப்படி இருக்குமானால், ஒரு வடகிழக்குப் பருவம் முழுவதும் கால்நடை நுழையாமல் காத்தாலே புல் தானாகப் பரவும், விதைச் செலவு பெரும்பாலும் மிச்சம். அந்தப் பகுதியில் தனித்தனியாக நிற்கும் கருவேல மரங்களை மட்டும், நெற்று பழுப்பதற்குள் தூரோடு தோண்டி எடுத்துவிடுங்கள். தரைமட்டத்தில் வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். நெற்றைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தில் விதை செரிக்காமல் வந்து, அவை நடமாடும் இடமெல்லாம் முளைக்கும்.

இரண்டாவதாக மேட்டுத்தரையைக் கவனிக்கலாம். ஆவாரையும் எருக்கும் மட்டும் மிஞ்சியிருந்தால், தாங்கும் அளவுக்கு மேல் மேய்த்துவிட்டார்கள் என்று பொருள். சரிவுக்குக் குறுக்கே உழுது, முதல் மழையில் கொழுக்கட்டைப் புல்லையும், பயறுவகைத் தீவனச் செடியான முயல் மசாலையும் விதைக்க வேண்டும். முயல் மசால் விதைக்குத் தோல் கடினம். 80 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் நான்கு நிமிடம் வைத்தெடுத்து விதைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். அடர்புதரைக் கடைசியாக, வருவாய்த் துறையின் ஒப்புதலோடு, அந்தந்த ஆண்டே விதைத்துக் காக்க முடிகிற அளவுக்கு மட்டும் பகுதி பகுதியாக அகற்றுங்கள்.

காங்கேயம் பகுதியில் கொரங்காடுகள் எனப்படும் தனியார் மேய்ச்சல் நிலங்கள், கிளுவைச் செடியாலான உயிர்வேலியும் பகுதி மாற்றி மேய்க்கும் முறையும் கொண்டு தலைமுறைகளாக நிலைத்திருப்பதை அறிந்திருப்பீர்கள். அவை பட்டா நிலங்கள், ஒருவர் முடிவெடுத்தால் போதும். உங்கள் நிலம் ஊர்ப்பொது. ஆகவே வேலைக்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் நில விவரம் அடங்கிய 'அ' பதிவேட்டையும் நில எல்லை காட்டும் புலப்படத்தையும் பார்த்து எல்லையை அளந்துகொள்ளுங்கள். ஆக்கிரமிப்பு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். ஆகஸ்ட் 15 கிராம சபையில், எந்தப் பகுதி எந்த மாதம்வரை மூடப்படும் என்று தீர்மானம் நிறைவேற்றுங்கள். சொந்த நிலமில்லாமல் வெள்ளாடு வளர்க்கும் குடும்பங்களை அந்தப் பேச்சில் கட்டாயம் சேர்க்க வேண்டும், ஏனெனில் மூன்று மாத மூடலின் சுமை முதலில் அவர்கள் மீதுதான் விழும். அவர்களுக்கென மீதிப் பகுதியையும் தண்ணீருக்குச் செல்லும் பாதையையும் திறந்தே வையுங்கள்.

புல் விதை உதிர்ந்தபின், தை மாதத்தில் மூடிய பகுதியைத் திறக்கலாம். முதலில் மாடுகளையும் பிறகு செம்மறிகளையும் விடுங்கள். பனி காய்ந்த பின்னரே செம்மறிகள் இறங்கினால் குடற்புழுத் தொற்று குறையும். புல் நான்கு விரல் உயரத்துக்கு இறங்கியதும் மந்தையை அடுத்த பகுதிக்கு மாற்றிவிடுங்கள்.