போர்ட்லேண்ட்னா சர்ச் ஊரா?

கே: எங்க காபி எஸ்டேட்டுக்கு வந்த ஒரு வெளிநாட்டுக்காரர், ஜமைக்காவுல போர்ட்லேண்ட் பாரிஷ்தான் சொந்த ஊருன்னாரு. அது சர்ச் ஊரா சார்?
- வாசகி, நாகலூர், ஏற்காடு

ப: பாரிஷ்ங்கறது சர்ச் எல்லைன்னு ஆரம்பிச்ச ஏற்பாடுதாம்மா, இப்ப நம்ம மாவட்டம் மாதிரி, ஜமைக்காவுல மொத்தம் 14 இருக்கு. போர்ட்லேண்ட் வடகிழக்கு மூலை, தலைநகர் போர்ட் அன்டோனியோ, மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டும். எனக்குப் பிடிச்சது மரூன்கள் கதைதான்: அடிமைத்தனத்துலருந்து தப்பிச்சவங்க ப்ளூ மவுண்டன் காட்டுக்குள்ள போயி, நானிங்கற பொம்பளை தலைமையில பிரிட்டிஷ் படைக்கே தண்ணி காட்டுனாங்க, அடக்க முடியாம வெள்ளைக்காரனே 1739ல ஒப்பந்தத்துக்கு வந்தான், வாரிசுங்க மூர் டவுன்ல இன்னிக்கும் இருக்காங்க, கரன்சி நோட்டுலயே நானி படம் போட்டுட்டாங்க. ஆனா இனிமே தப்பி வர்ற அடிமைங்களைத் திருப்பிப் பிடிச்சுக் குடுக்கணும்னு அந்த ஒப்பந்தத்துல ஒரு ஷரத்து, அதான் உறுத்துது. 1870கள்ல வாழைப்பழ ஏற்றுமதி வந்து ஊரு செழிச்சுது, அப்புறம் பனாமா வாடல் நோய் அடிச்சுப் போட்டுச்சு. காபியா? ப்ளூ மவுண்டன் சிகரம் 2,256 மீட்டர், நம்ம சேர்வராயனை விட உசரம், அந்தச் சரிவுல விளையறதுக்கு உலக மார்க்கெட்ல ஏக கிராக்கி. அடுத்த தடவை வந்தாருன்னா உங்க டிகாக்ஷனைக் குடுத்துட்டு அங்க கிலோ என்ன ரேட்டுன்னு கேட்டு வைங்க.