திருகோணமலையின் பழைய கடைத்தெருவில் எதை, எப்போது உண்ண வேண்டும்?

ஒரே ஒரு நாள் திருகோணமலையில் தங்கப்போவதாகவும், பழைய கடைத்தெருவில் இந்த ஊருக்கே உரிய உணவு எது என்று அறிய விரும்புவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தெருவுக்குப் பின்னால் வளர்ந்தவன் என்ற முறையில் நான் முதலில் சொல்வது எருமைத் தயிரைத்தான். கொத்து ரொட்டி இலங்கையின் எந்த நகரத்திலும் கிடைக்கும். அதற்காக இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து மேய்ச்சல் நிலங்களில் திரியும் எருமைகளின் பாலை மண்சட்டியில் உறையவைத்து, சட்டியோடு விற்பார்கள். எருமைப்பாலில் கொழுப்பு ஏறக்குறைய 7 வீதம் இருப்பதாலும், சுடுமண் நீரை உறிஞ்சிக்கொள்வதாலும், அந்தத் தயிர் கரண்டியால் வெட்டி எடுக்கும் அளவுக்கு இறுகியிருக்கும். 2009ஆம் ஆண்டில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, அங்கிருந்து நகரத்துக்கு வருகிறவர்கள் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறிக் களப்பைக் கடந்தார்கள். தயிர்ச் சட்டிகளும் அவர்களோடு அப்படித்தான் வந்தன. என் அம்மம்மா சட்டியை வாங்குமுன் மூடியிருக்கும் தாளைச் சற்று விலக்கிப் பார்ப்பார்: மேலே மஞ்சள் படர்ந்த ஆடை கிழியாமல் இருக்க வேண்டும், ஓரத்தில் தண்ணீர் விட்டிருந்தால் அது ஆடி அலைந்த தயிர், வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். இன்றும் நான் அப்படித்தான் வாங்குகிறேன், நீங்களும் தயங்காமல் பார்த்து வாங்குங்கள்.

தயிரின் மேல் ஊற்றும் கித்துள் பாணி, அதாவது கித்துள் மரத்தின் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் பாகு, விடயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். கித்துள் மரம் ஈரமான மலைப்பகுதிகளுக்கும் தென்மேற்குப் பகுதிகளுக்கும் உரியது. எங்கள் வறண்ட கரைக்கு அதன் பாணி வெளியிலிருந்தே வருகிறது. கித்துள் என்று சொல்லி ஒரு கடையில் எனக்கு ஊற்றித் தந்தது வெறும் சீனிப்பாகு. அன்று நல்ல தயிர் ஒன்று வீணாய்ப் போனது. எங்கள் வீட்டில் பனங்கட்டியைச் சீவிப்போட்டு, கதலி வாழைப்பழத்தோடு உண்போம். அதையே உங்களுக்கும் பரிந்துரைக்கிறேன்.

காலையில் சீக்கிரம் வந்தால், தயிருக்கு முன்பு அப்பம் உண்ணுங்கள். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு மெத்தென்றும் இருக்கும் பாலப்பம் தாச்சியிலிருந்து இறக்கிய உடனே உண்ண வேண்டியது. அடுக்கிவைத்த அப்பம் அரைமணி நேரத்திலேயே தோல்போல் ஆகிவிடும்.

மதியச் சோற்றுக்கு, கடையில் அன்று வந்த மீன் எது என்று கேட்டு அதன் குழம்பையே வாங்குங்கள். அறக்குளாவும் பாரையும் பேர் பெற்றவை என்றாலும், தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சிய சூடைமீன் குழம்புக்கு ஈடாக எதையும் நான் உண்டதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை எங்கள் கடல் அமைதியாக இருப்பதால் மீனுக்கு அதுவே நல்ல காலம். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் படகுகள் இறங்காத நாட்கள் உண்டு, விலையும் ஏறும்.

வெள்ளிக்கிழமையில் வருவீர்களானால், ஊரில் பலர் மரக்கறி மட்டுமே உண்ணும் நாள் அது என்பதை நினைவில் வையுங்கள். அன்று கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு, மாலையில் கடைத்தெருவுக்கு வந்து சுடச்சுட உளுந்து வடையும் தேநீரும் எடுத்துக்கொள்ளலாம்.

ஊருக்குக் கொண்டுபோகத் தயிர் வாங்குவதென்றால் புறப்படும் நேரத்தில் வாங்குங்கள். சட்டியைப் பைக்குள் திணிக்காமல், நிமிர்த்தி மடியிலேயே வைத்துக்கொண்டு பயணம் செய்யுங்கள்.