டேப் டிரைவுக்கு உரிமம் புதுப்பிக்கத்தான் வேண்டுமா?

பழைய எல்டிஓ-5 (காந்த நாடாவில் தரவைச் சேமிக்கும் ஒரு வகையின் ஐந்தாம் தலைமுறை) டிரைவ் நன்றாக ஓடுகிறது, பேக்கப் மென்பொருளின் உரிமம்தான் முடிந்துவிட்டது, புதுப்பிக்கக் கேட்கிற தொகை டிரைவ் விலையையே தாண்டுகிறது என்கிறீர்கள். எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் டிரைவுக்கு அந்த மென்பொருள் தேவையே இல்லை நண்பரே. அதற்குப் புரிவது ஸ்கஸி கட்டளைகள், அதாவது இதுபோன்ற சாதனங்களோடு கணினி பேசும் பொது மொழி. அவற்றை அனுப்பும் டிரைவர் நிரல் லினக்ஸின் மையமான கர்னலிலேயே இருக்கிறது.

லினக்ஸ் போட்டு, கோப்புகளை ஒரே கட்டாகக் கட்டும் டார் (tar) கட்டளையால் நேராக டேப்பில் எழுதலாம். புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்: சாதனப் பெயராக எஸ்டி0 (/dev/st0) கொடுத்தால் வேலை முடிந்ததும் டேப் தானாக ஆரம்பத்துக்குச் சுற்றிவிடும், அடுத்த பேக்கப் முந்தையதன் மேலேயே விழும். என்எஸ்டி0 (/dev/nst0) கொடுங்கள், சுற்றாது. பொடிப்பொடிக் கோப்புகள் நிறைய இருந்தால் தரவு மெதுவாக வரும். டேப் நின்று நின்று பின்னால் போய்வரும், தேய்மானம் கூடும். நடுவில் தரவைச் சேர்த்துவைத்துச் சீராக அனுப்பும் எம்பஃபர் (mbuffer) நிரலை வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எந்த டேப்பில் எது என்ற பட்டியலும் வேண்டுமென்றால் பேரியோஸ் (Bareos) அல்லது பாக்குலா (Bacula) என்ற பேக்கப் மென்பொருள். இலவசம்தான், ஆனால் அமைத்து முடிப்பதற்குள் தலைவலி வரும். கோப்பை இழுத்துப் போட்டால் போதுமென்றால், டேப்பை வட்டுபோலக் காட்டும் எல்டிஎஃப்எஸ் (LTFS). அது எல்டிஓ-5இல்தான் அறிமுகமானது, தப்பித்தீர்கள். அதில் அழித்த கோப்பின் இடம் மட்டும், மறுபடி ஃபார்மேட் செய்யும்வரை திரும்பாது.

சிக்கல் பழைய டேப்புகளில்தான். அந்த பேக்கப் மென்பொருள் நிறுவனத்தின் சொந்த வடிவத்தில் எழுதியிருந்தால் டார் படிக்காது. பழைய கணினியை இப்போதைக்கு அழித்துவிடாதீர்கள். சில மென்பொருள்களில் உரிமம் முடிந்தாலும் மீட்டெடுப்பு மட்டும் ஓடும். ஒரு டேப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு, மென்பொருளின் பதிப்பையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.