பெரிய மின்முனை வைத்தால் போதாதா?

கேள்வி: கரைசலில் ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதை மின்னோட்டத்தால் அளக்கும் மின்வேதி உணரிகளில், மின்முனையின் மேல் கார்பன் நானோ குழாய், கிராஃபீன் என்று எதையாவது பூசுகிறார்கள். பரப்பு கூடும் என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். பரப்புதான் வேண்டுமென்றால் பெரிய மின்முனையையே வைத்துவிடலாமே?
- முதுகலை வேதியியல் மாணவி

பதில்: நல்ல கேள்வி. முதல் வருஷம் எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. பரப்பு கூடுவது உண்மைதான். 1 செ.மீ. கனசதுரத்தை 10 நானோமீட்டர் துண்டுகளாக்கினால், 6 சதுர செ.மீ. பரப்பு 600 சதுர மீட்டராகிவிடும். ஆனால் பரப்போடு பின்னணி மின்னோட்டமும், அதாவது நாம் தேடும் பொருள் இல்லாவிட்டாலும் ஓடும் மின்னோட்டமும், சேர்ந்து ஏறும். சத்தமான அறையில் ஒலிபெருக்கியைக் கூட்டி வைப்பதுபோல. நாம் கேட்க வேண்டிய குரல் தெளிவாகிவிடாது.

எனக்குப் புரிய வைத்தது, மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைன்தான். 3 மி.மீ. விட்டமுள்ள கிளாசி கார்பன் (கண்ணாடி போன்ற கார்பன்) மின்முனையை 0.05 மைக்ரான் அலுமினாத் தூளில், துணிமேல் 8 என்ற எண்ணின் வடிவில் சுற்றிச் சுற்றிக் கண்ணாடிபோல் மின்னும்வரை தேய்த்தேன். டோபமைனும் வைட்டமின் சி-யும் கலந்த கரைசலில் வைத்து மின்னழுத்தத்தை ஏற்றினால், மின்னோட்ட வரைபடத்தில் ஒரே ஒரு மழுங்கிய மேடு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மின்னழுத்தத்தில் எலெக்ட்ரானை விடுகின்றன. மூளைத் திரவத்தில் வைட்டமின் சி பல நூறு மடங்கு அதிகம் என்பதால், டோபமைன் அதில் மூழ்கிப்போகும். எவ்வளவு பெரிய மின்முனை வைத்தாலும் இந்த மேடு உயருமே தவிர, பிரியாது.

அதே மின்முனையில் நானோ குழாய் கலவையை 5 மைக்ரோலிட்டர் சொட்டு விட்டுக் காயவைத்து மறுபடி ஓட்டினேன். வைட்டமின் சி-யின் உச்சி குறைந்த மின்னழுத்தத்துக்கு நகர்ந்துவிட்டது. டோபமைன் தனியாக, கூராக நின்றது. அன்று அந்தத் திரையை விட்டு எழுந்திருக்கவே மனம் வரவில்லை. தயங்கித் தயங்கி நடக்கும் வினை, பூச்சின் மேல் சுலபமாக நடக்கிறது. நானோ பொருளின் பெரிய உதவி, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுவதில்தான் இருக்கிறது என்பேன்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. அந்த வேலையைச் செய்வது குழாய்தானா என்று பார்த்துவிடுங்கள். குழாயை வளர்க்கப் பயன்பட்ட இரும்புத் துணுக்குகள் உள்ளே தங்கியிருக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றில் அவையே வினையைத் தூண்டிவிடும். சொட்டு காய்வதிலும் கவனம் வேண்டும். காபிக் கறைபோல் துகள்கள் விளிம்பில் வளையமாக ஒதுங்கி, நடு மொட்டையாகிவிடும். இன்று வந்த அளவு நாளைக்கு வராது. அதனால் ஒரே நாளில் ஐந்து மின்முனைகளுக்காவது பூச்சுப் போட்டு, ஐந்தையும் ஒரே கரைசலில் அளந்து பாருங்கள். ஐந்தும் ஒத்துப்போன பிறகு உணர்திறனைக் கணக்கிடலாம்.